பிராக்சி டூல் பற்றிக் கேட்டாயே

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள செந்தில்,

அம்மா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் இனிக் கவலை இல்லை. இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை ஓயவில்லை. சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் பாதித் தெம்பு போய்விடுகிறது. அதனால் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்.

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் மாறும்போது எல்லா மென்பொருளின் பிராக்சி அமைப்பையும் ஒரே கமாண்டில் மாற்றும் டூலை நம்பலாமா என்று கேட்டாயே, பிராக்சி, அதாவது நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர், அதன் தொல்லை அதனால்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். ஆபீஸில் பிராக்சி வழியாகப் போகாமல் எதையும் டவுன்லோட் செய்ய முடியாது. வீட்டு வைஃபையில் அந்த பிராக்சி இருக்கும் சுவடே தெரியாது. லேப்டாப்போ ஒன்றுதான். அதில் ஒவ்வொரு மென்பொருளும் பிராக்சி முகவரியை ஒவ்வொரு இடத்தில் தேடும். கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் தன் கான்ஃபிக் கோப்பைப் பார்க்கும், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் தன் ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைப் பார்க்கும், ஜாவா புரோகிராம்களைக் கட்டும் மேவனுக்கு ஒரு எக்ஸ்எம்எல், அதே வேலை செய்யும் கிரேடிலுக்கு ஒரு ப்ராபர்ட்டீஸ் கோப்பு. புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இதில் தனி ரகம். அந்தப் பெட்டிக்கான அச்சான இமேஜை இணையத்திலிருந்து இழுப்பது பின்னணியில் ஓடும் டீமன் என்ற புரோகிராம் என்பதால், கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் நீ எந்த வேரியபிளை எக்ஸ்போர்ட் செய்தாலும் அதன் காதில் விழாது. அதற்கென்று தனியாக எழுதி, டீமனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வேறு ஏற்பாடு செய்து வைக்கவில்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களும் அதோடு நின்றுபோகும்.

சரி, இவ்வளவையும் மாற்றும் அந்த டூலை நம்பலாமா? நம்பலாம். எங்கள் டீமில் ஒரு பையன் எழுதியதை நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஆன் செய்து பார்த்துவிட்டு சபாஷ் சொல்லிவிடாதே, ஆஃப் செய்து பார். ஆன் என்பது நாலு கோப்பில் நாலு வரி எழுதுவது, அதை யாரும் செய்துவிடலாம். ஆஃப் செய்யும்போது தான் எழுதிய வரியை மட்டும்தான் எடுக்க வேண்டும். கிட்டில் ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும் தனி பிராக்சி வைக்க வழி இருக்கிறது. நீ கையால் வைத்த அதையும் சேர்த்து வழித்துப் போட்டால் அந்த டூல் வேண்டவே வேண்டாம். மேவன் கோப்பில் ஆபீஸின் உள் ரெப்போவுக்கான (பேக்கேஜ் கிடங்குக்கான) லாகின், நாம் எழுதி வைத்த கமென்ட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதை முழுக்கத் திருப்பி எழுதுகிற டூல் பக்கம் நான் போகமாட்டேன். எதை மாற்றப்போகிறது என்று முதலில் காட்டட்டும், பழைய கோப்பின் நகலை எடுத்து வைக்கட்டும். இது இரண்டும் இல்லாத டூலுக்கு நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் விலக்குப் பட்டியல், அதாவது எந்த முகவரிகளுக்கு பிராக்சி வேண்டாம் என்பது. ஷெல், அதாவது டெர்மினலில் நம் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம், அதன் வேரியபிளில் முகவரிகளுக்கு நடுவே கமா போடுகிறோம். ஜாவா கமாவை ஏற்காது, செங்குத்துக் கோடு கேட்கும். டொமைனுக்கு முன்னால் நட்சத்திரமும் கேட்கும். 10-இல் தொடங்கும் முகவரிகள் அத்தனையையும் 10.0.0.0/8 என்று மொத்தமாக எழுதினால் கோ மொழியில் எழுதிய டூல்களுக்குப் புரியும். டெர்மினலிலிருந்தே இணையக் கோப்புகளை எடுக்கும் கர்லுக்கு 2022-இல் வந்த 7.86 பதிப்பிலிருந்துதான் புரிகிறது. ஒரே பட்டியலை எல்லா இடத்திலும் அப்படியே ஒட்டுகிற டூல் என்றால், உள் சர்வருக்குப் போக வேண்டியது பிராக்சியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

எச்டிடிபி பிராக்சி வேரியபிளை http_proxy என்று சின்ன எழுத்திலேயே வை. HTTP_PROXY என்று பெரிய எழுத்தில் வைத்தால் கர்ல் கண்டுகொள்ளாது. வீம்பு இல்லை, காரணம் இருக்கிறது. சிஜிஐ முறையில், அதாவது வெப் சர்வர் கூப்பிட்டு ஓடும் புரோகிராமுக்கு, வெளியிலிருந்து வரும் கோரிக்கையின் ஹெடர்கள் (தலைப்பு வரிகள்) எச்டிடிபி என்ற முன்னொட்டோடு பெரிய எழுத்து வேரியபிளாகப் போய்ச் சேரும். எவனோ 'பிராக்சி' என்று ஒரு ஹெடரை அனுப்பினால் போதும், நம் புரோகிராம் எந்த பிராக்சி வழியாகப் போக வேண்டும் என்பதை அவனே முடிவு செய்துவிடுவான். 2016-இல் எச்டிடிபாக்சி என்ற பெயரில் இது பெரிய அமர்க்களமானது.

இன்னொரு விஷயம். ஒரு புரோகிராமால் தன்னைக் கூப்பிட்ட ஷெல்லின் வேரியபிளை மாற்ற முடியாது. அதனால் டூல் எக்ஸ்போர்ட் வரிகளை அச்சிட்டுக் கொடுக்கும், ஷெல் அதை இவால் செய்துகொள்ள, அதாவது தானே கமாண்டாக ஓட்டிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே திறந்து வைத்த டெர்மினல்கள் பழைய பாட்டையே பாடும்.

என் ஆசை வேறு. லேப்டாப்பிலேயே ஸ்குவிட் மாதிரி ஒரு பிராக்சியை ஓடவிட்டு, எல்லாவற்றுக்கும் 127.0.0.1 (அதாவது இதே லேப்டாப்), போர்ட் 3128 என்று ஒரே முறை சொல்லி விட்டுவிடலாம். ஆபீஸில் அது மேலே இருக்கும் பிராக்சிக்குத் தள்ளும், வீட்டில் நேராக வெளியே போகும். மாற்ற வேண்டியது ஒரே இடம், பாஸ்வேர்டு இருப்பதும் ஒரே இடம். கன்டெய்னருக்குள் மட்டும் இந்த முகவரி செல்லாது, அங்கே 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கிட் வேலை செய்கிறது, என்பிஎம் மட்டும் தொங்குகிறது என்றாயே, பாஸ்வேர்டில் @ இருக்கிறதா பார். பிராக்சி முகவரிக்குள் அதை %40 என்றுதான் எழுத வேண்டும். அப்படியும் சரியாகவில்லையென்றால் அந்த ஆர்சி கோப்பை எனக்கு அனுப்பு. பாஸ்வேர்டு அதில் பச்சையாக இருக்கும், அழித்துவிட்டு அனுப்புடா.

அன்புடன்,
முரளி