பொப்-அப் சாளரத்தைச் சொந்தமாகக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் கைப்பேசிச் செயலிகளை வடிவமைத்து எழுதும் அணியினருக்கு,

வணக்கம்.

நானும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவனே. செயலிகளின் தமிழ் இடைமுகத்தைப் பரிசோதித்துப் பிழைகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படி எழுதிக் கொடுத்தவற்றில் பெரும்பங்கு ஒரே இடத்தைச் சுற்றியே வருகிறது: கைப்பேசியின் இயங்குதளம் தருகிற உரையாடல் பெட்டியை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் நிறத்திலும் வளைவிலும் நீங்களே கட்டுகின்ற பொப்-அப் சாளரம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே பிழை எண் இட்டு இதையே எழுதிக்கொண்டிருப்பதிலும் பார்க்க, எல்லோருக்குமாக ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சென்ற மாதம் வெள்ளவத்தையில், காலி வீதியோரப் பாமசி ஒன்றில், என் தாயார் பிறஷர் குளிசை வாங்கிவிட்டு கியூ.ஆர். மூலம் காசு கட்ட முனைந்தார். அவருடைய கைப்பேசி தமிழில் இருக்கிறது. எழுத்து ஆகப் பெரிய அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் செய்ததும் பொப்-அப் வந்தது. கடையின் பெயரும் தொகையும் தெரிந்தன. அவற்றின் கீழே ‘இந்தக் கொடுப்பனவை மேற்கொள்ள விரும்புகிறீர்களா?’ என்ற வினா மூன்று வரிகளாக இறங்கி, மூன்றாம் வரியின் பாதியோடு பெட்டியும் முடிந்துவிட்டது. பட்டன்கள் எதுவும் கண்ணில் படவில்லை. விரலால் மேலே தள்ளிப் பார்த்தார், பெட்டி அசையவில்லை. பின்செல்லும் பட்டனை அழுத்தினார். பொப்-அப்போடு சேர்ந்து கொடுப்பனவுப் பக்கமே மூடிக்கொண்டது. காசு போய்விட்டதா, இல்லையா என்று சொல்ல ஒரு வார்த்தைகூடத் திரையில் இல்லை. “திரும்ப ஸ்கேன் பண்ணுங்கோ அம்மா” என்றார் காசாளர். அம்மா கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பணப்பையைத் திறந்து தாள்களை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எழுத்தின் அளவைக் குறைத்த பிறகு அதே செயலியைத் திறந்தேன். இப்போது பட்டன்கள் தெரிந்தன. ஒன்றில் ‘இரத்துச் செ…’ என்றும் மற்றதில் ‘உறுதிப்படுத…’ என்றும் இருந்தது. ‘உறுதிப்படுத்துக’ என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவன ஒன்பது எழுத்துகள். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அது 15 குறிகள், ஏனென்றால் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் சுழியும் அங்கே தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. ‘இரத்துச் செய்க’ என்பதில் இடைவெளியோடு சேர்த்து 14. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: வெட்டுப்பட்ட இரண்டு சொற்களும் சரியாகப் பதினொன்றாம் குறியில் நின்றிருந்தன. ஆக, இடம் போதாமல் பெட்டி தானாகச் சுருக்கியதல்ல இது; ஆங்கிலச் சொல்லுக்குப் பதினொன்று தாராளம் என்று யாரோ நிரலில் எழுதி வைத்த வெட்டு. ‘த்’ தன் புள்ளியை இழந்து ‘த’ ஆகிவிட்டதும் அதனால்தான். தமிழ் எழுத்தைக் குறிகளாக எண்ணி வெட்டினால் சொல் சுருங்குவதோடு நிற்காது, எழுத்தே வேறாகிவிடும். எதையாவது வெட்டியே ஆகவேண்டும் என்றால் எழுத்தெல்லை பார்த்து வெட்டுகின்ற வழிகள் அண்ட்ரொய்ட், ஐபோன் ஆகிய இரண்டிலும் உள்ளன. ஆனால் காசு சம்பந்தப்பட்ட பட்டனில் எதையும் வெட்டவே கூடாது என்பது என் கருத்து.

அண்ட்ரொய்டிலும் ஐபோனிலும் இயங்குதளமே தரும் உரையாடல் பெட்டி, பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் கொள்ளாதபோது அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. செய்தி நீண்டுவிட்டால் செய்திப் பகுதியை மட்டும் உருள விட்டு, பட்டன்களைக் கீழேயே நிறுத்தி வைக்கிறது. அண்ட்ரொய்டில் பின்செல்லும் சைகை பெட்டியை மட்டும் மூடுகிறது. கூகிள் 2023 இல் வெளியிட்ட அண்ட்ரொய்ட் 14 எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க இடம் தருகிறது. அந்த அளவில், ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் நீங்கள் வரைந்த திரை வரைபடத்தின் உயரக் கணக்கு எதுவும் நிற்காது. தமிழில் அது இன்னும் முன்னரே விழும்: சொற்கள் நீளமானவை, ‘கீ’யின் சுழி மேலேயும் ‘ழு’வின் வால் கீழேயும் நீள்வதால் வரிக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிவிட்டால் ‘கீ’யும் ‘கி’யும் ஒன்றுபோலத் தெரியும் நிலை வரும்.

சொந்தமாகக் கட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆப்பிள் 2014 இல் ஐ.ஓ.எஸ். 8 உடன் கொண்டுவந்த யூ.ஐ. அலர்ட் கொன்ட்ரோலர் என்ற ஆயத்த உரையாடல் பெட்டியின் உள் அமைப்பை மாற்ற அனுமதி இல்லை. கடையின் சின்னம், தொகை, எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதையெல்லாம் ஒரே பெட்டியில் ஒழுங்காகக் காட்ட வேண்டுமானால் தனியே கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டுகின்ற கணத்திலேயே இயங்குதளம் அதுவரை இலவசமாகச் செய்துவந்த வேலைகள் அத்தனையும் உங்கள் தலையில் வந்துவிடுகின்றன. பொப்-அப் கட்டுவதற்கு அண்ட்ரொய்ட் தரும் பொப்அப் விண்டோ என்ற நிரல் வகுப்பு இயல்பிலேயே குவியத்தை, அதாவது பட்டன் அழுத்தங்களைத் தானே பெறும் நிலையை, எடுத்துக்கொள்ளாது. அதை நீங்கள் இயக்கிவிடாவிட்டால் பின்செல்லும் பட்டன் நேரே பின்னாலுள்ள பக்கத்துக்குத்தான் போகும். ஃப்ளட்டர் என்ற செயலி கட்டும் கருவியில், பெட்டி திறக்க அது தரும் ஷோ டயலொக்கைப் பயன்படுத்தாமல் பக்கத்தின் மேல் ஒரு அடுக்கை மட்டும் வரைந்து வைத்தாலும் இதேதான் நடக்கும். அதுபோன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் நேட்டிவின் மோடல் பெட்டியில், பின்செல்லும் பட்டனுக்குப் பதில் சொல்லும் ஒன் ரிக்வெஸ்ட் குளோஸை வெறுமையாக விட்டுவிட்டால் பின்செல்லும் பட்டன் எதுவுமே செய்யாது. பாமசியில் பக்கமே மூடிக்கொண்டதற்குக் காரணம் முதல் இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, எழுதியவருக்குத் தெரியும்.

பார்வையற்றவர்களின் நிலை இதைவிட மோசம். சொந்தப் பெட்டி வெறும் அடுக்காக வரையப்பட்டிருந்தால், அண்ட்ரொய்டில் திரையைக் குரலில் வாசித்துக் காட்டும் டோக்பேக் அதற்குப் பின்னால் மங்கலாகக் கிடக்கும் பக்கத்தையே தொடர்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். முன்னே ஒரு கேள்வி காத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஐபோனில் அக்செஸிபிலிட்டி வியூ இஸ் மோடல் என்ற ஒரு பண்பை இயக்கினால், அங்கே அதே வேலையைச் செய்யும் வொய்ஸ்ஓவர் பெட்டிக்குள்ளேயே நிற்கும். ஒரு வரி வேலை.

பட்டனில் எழுதும் சொல்லைப் பற்றியும் ஒன்று. முன்பதிவுச் செயலி ஒன்றில் ‘உங்கள் பதிவை இரத்துச் செய்வதா?’ என்று கேட்டு, கீழே ‘சரி’, ‘இரத்துச் செய்க’ என்று இரண்டு பட்டன்களை வைத்திருந்தார்கள். பதிவை இரத்துச் செய்ய விரும்புகிறவர் எதை அழுத்துவார்? ஆங்கிலத்திலேயே குழப்பமான இந்த ஏற்பாட்டை மொழிபெயர்ப்பாளர் அப்படியே கொண்டுவந்துவிட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, அவர் கையில் இருந்தது சொற்பட்டியல் மட்டும், பெட்டியை யாரும் அவருக்குக் காட்டவில்லை. ‘பதிவை நீக்குக’, ‘பதிவு இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தால் வினாவை வாசிக்காதவருக்கும் விளங்கியிருக்கும்.

1987 இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச சேவைகளுக்குச் செயலி செய்து கொடுக்கும் அணிகளுக்கு இதை நினைவூட்டத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் மொழித் தெரிவில் ‘தமிழ்’ என்று ஒரு வரி இருப்பதையும், உறுதிப்படுத்தும் பட்டன் தமிழில் முழுதாகத் தெரிவதையும் ஒன்றாகவே கணக்கில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தகவல் மட்டும் சொல்கின்ற பெட்டிகளை இயங்குதளத்திடமே விட்டுவிடுங்கள். காசையோ தனிப்பட்ட தரவையோ தொடுகின்ற பெட்டியைச் சொந்தமாகக் கட்டினால் அதற்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். வரைபடத்தைத் தமிழ்ச் சொற்களை இட்டே தொடங்குங்கள், ஏனென்றால் தமிழுக்குப் போதுமான பெட்டி ஆங்கிலத்துக்கும் போதும். பின்செல்லும் பட்டனை அழுத்தியவருக்குக் காசு போகவில்லை என்று ஒரு வரி காட்டுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு முதல் நாள், அலுவலகக் கைப்பேசி ஒன்றைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தை ஆகப் பெரிதாக்கி, கொடுப்பனவை உறுதிப்படுத்தும் பெட்டியைத் திறந்து, அந்தத் திரையைப் படமெடுத்து, பெட்டியை வரைந்தவருக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் இடைமுகப் பரிசோதகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.