பனிவண்டிக்காரருக்கும் யெஸ்டிக்காரருக்கும் ஒரே கவலை

அல்சூர், பெங்களூரு
தை 3

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போகியன்று கைக்கு வந்தது. மினியாபொலிஸ் குளிரில் நீயும் தங்கச்சியும் பேரனோடு நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கு எல்லோரும் நலம். மோட்டார்சைக்கிள் பார்ட்ஸ் கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் இரண்டு மணி நேரம் ஜே.சி. ரோட்டில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறேன்.

நீ எழுதியவற்றுள் ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. உன் மகனின் பக்கத்து வீட்டுப் பெரியவர் தார்ப்பாயை விலக்கித் பனியின்மேல் ஓட்டும் மோட்டார் வண்டியான தம் பச்சை நிற ஆர்க்டிக் கேட் பனிவண்டியைக் காட்டினார் என்றும், அந்தக் கம்பெனி நிலைக்குமா என்ற பேச்சு எழுந்ததும் அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். ஒரு கம்பெனிக்காக மனிதர் இப்படி வருந்துவாரா என்றும் கேட்டிருந்தாய். 1984இல் யெஸ்டி ரோட்கிங் மோட்டார்சைக்கிள் வாங்கிய நீ இதைக் கேட்கலாமா? இடது காலால் மிதித்து எஞ்சினை எழுப்பியதும் அதே கிக்கரை உள்ளே அழுத்தி முன்பக்கம் மடக்கினால் அதுவே கியர் கம்பியாகிவிடும் வண்டி அது. அதைத் தெரியாத ஒருவன் உன் வண்டியில் ஏறிக் கியரைத் தேடித் தடுமாறும்போதெல்லாம், நீ அருகில் நின்று பொறுமையாகக் காட்டிக்கொடுப்பாய். அப்போது உன் முகத்தில் தெரிந்த பெருமைதான் அந்தப் பெரியவரின் குரலிலும் இருந்திருக்கும்.

உன் கடிதத்துக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் கதையை நான் தேடிப் படித்தேன். உன் ஊருக்கு வடமேற்கே, அதே மினசோட்டா மாநிலத்தில், ரோசோ என்ற சிற்றூரில் 1954இல் போலாரிஸ் என்ற பனிவண்டிக் கம்பெனியைத் தொடங்கிய மூவருள் ஒருவரான எட்கர் ஹெட்டீன்தான், அங்கிருந்து விலகி 1960இல் தீஃப் ரிவர் ஃபால்ஸில் ஆர்க்டிக் கேட்டின் மூலக் கம்பெனியையும் ஆரம்பித்திருக்கிறார். போலாரிஸ்காரரும் ஆர்க்டிக் கேட்காரரும் தலைமுறை தலைமுறையாக ஒருவர் வண்டியை ஒருவர் குறை சொல்கிறார்கள் என்று எழுதினாயே, அந்த இரண்டு வீடுகளுக்கும் கடைக்கால் போட்டவர் ஒரே மனிதர்! 1981இல் ஆர்க்டிக் கேட் திவாலானது. கதை முடிந்தது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்கள் சிலர் கூடிப் புதிய கம்பெனியாகப் பதிவு செய்து, 1984ஆம் ஆண்டின் மாடலோடு அந்தப் பெயரை மீண்டும் பனியில் ஓடவிட்டார்கள். அப்படிப்பட்ட கம்பெனியைத்தான் 2017இல் டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி 24.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திவைக்கப்போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில், முன்பு அதே கம்பெனியில் அதிகாரியாயிருந்த பிராட் டார்லிங் தலைமையிலான குழுவுக்கு விற்றது.

அந்த டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே கிடந்த மாதங்களைத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். பனிவண்டி வியாபாரத்தில் மார்ச், ஏப்ரலிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த குளிர்காலத்துக்கான வண்டியைக் கட்டுவார்கள் என்று படித்தேன். அதாவது, வாங்குகிறவர் கண்ணால் காணாத வண்டிக்கு, அடுத்த கார்த்திகையில் கம்பெனி இருக்கும் என்ற நம்பிக்கையின் பேரில் பணம் கட்டுகிறார். அந்த இரண்டு மாதத்தில் "மூடப்போகிறார்களாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், கட்ட வந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். டீலர் சரக்கு எடுக்கத் தயங்குவார். டீலர் தயங்குவதைப் பார்க்கும் அடுத்தவர், தான் கேட்டது உண்மைதான் என்று முடிவு செய்துவிடுவார். அதற்கு முன்பே, 2023 ஜூனில், பனிவண்டித் தொழிலையே விட்டுவிடப்போவதாக யமஹா அறிவித்திருந்தது. 1968இலிருந்து பனிவண்டி செய்துவந்த கம்பெனி அது. யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் ஆர்க்டிக் கேட்டுக்கும், ஆர்க்டிக் கேட் தொழிற்சாலையில் கட்டிய வண்டிகள் யமஹா பெயரிலும் போய்க்கொண்டிருந்த உறவு இருந்ததால், ஒருவர் விலகியதும் மற்றவரைப் பற்றிய பேச்சு பலத்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பனிவண்டி செய்த நாட்டில், இன்று பெரிய பெயர்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். அந்தப் பெரியவர் நடுங்குவதில் வியப்பென்ன?

நம் மைசூர்த் தொழிற்சாலையையும் அதோடு வைத்துப் பார். 1961இல் ஜாவாவாகத் தொடங்கி, பிறகு யெஸ்டியாகி, 1996இல் மூடிய அந்தத் தொழிற்சாலையைப் பற்றிக் கடைசிச் சில வருடங்களில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வதந்தி ஜே.சி. ரோட்டுக்கு வந்துசேரும். வதந்திதான் அதைக் கொன்றது என்று நீ நெடுங்காலம் சொல்லிவந்தாய். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. 1985இல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்த பிறகு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காத ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாகிவிட்டது. பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் வந்து யெஸ்டியின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை நெருக்கின. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அது என் கல்லாவில் நான் நேரில் பார்த்தது. யெஸ்டிமேல் உயிரையே வைத்திருந்தவர்கள் யாரும் இரண்டாவது யெஸ்டி வாங்கவில்லை. உன்னையே எடுத்துக்கொள். சிலிண்டரை ரீபோர் செய்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டு, ரிங் மாற்றி, அதே வண்டியை இன்னும் எட்டு வருடம் ஓட்டினாய். அது என் கடைக்கு வியாபாரம். மைசூருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. நீண்டநாள் உழைக்கும் வண்டியைச் செய்த கம்பெனியின் அன்பர்களே அதற்கு வாடிக்கையாளராக இல்லாமல் போனார்கள் என்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது. ஆர்க்டிக் கேட் பெரியவரின் வண்டி எந்த வருடத்தது என்று கேட்டு எழுது. இருபது வருடப் பழையது என்றால் அவரும் நம் இனம்தான்.

இனி, உன்னிடம் கூட நான் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மைசூரில் சூடுபட்ட பிறகு எனக்கு எந்தக் கம்பெனியைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தாலும் உடனே நம்பிவிடும் வழக்கம் வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் புல்லட் செய்யும் ராயல் என்ஃபீல்டை அதன் உரிமையாளரான ஐஷர் கம்பெனி மூடப்போகிறது அல்லது விற்கப்போகிறது என்ற பேச்சு வந்தது. அது வெறும் புரளியும் அல்ல. அந்த யோசனை அங்கே உண்மையிலேயே இருந்தது என்பதும், ஐஷர் முதலாளி வீட்டு இளைஞராயிருந்த சித்தார்த்த லால் அவகாசம் கேட்டுப் பொறுப்பை ஏற்றார் என்பதும் பிற்பாடு எல்லோரும் அறிந்த செய்தியாயின. நான் அந்தப் பேச்சைக் கேட்ட வாரத்திலேயே கடையிலிருந்த புல்லட் சரக்கை எல்லாம், கிளட்ச் பிளேட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வரை, பாதி விலைக்குக் கலாசிபாளையத்து வியாபாரி ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். பண நஷ்டம் எப்படியோ ஈடாகிவிட்டது. ஈடாகாதது வேறொன்று. காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பையன் வருவான். அவன் தகப்பனார் இதே அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர், பணியில் புல்லட் ஓட்டியவர். அப்பா ஓட்டிய வண்டியைத் தானும் வாங்க வேண்டும் என்று மூன்று வருடம் பணம் சேர்த்துவிட்டு, முன்பணம் கட்டுவதற்கு முதல் நாள் என்னிடம் யோசனை கேட்க வந்தான். "தம்பி, அந்தக் கம்பெனி வருடம் முடியும்வரை தாங்காது, பார்ட்ஸுக்கு நீ தெருத்தெருவாக அலைவாய்" என்று நான் சொன்னேன். எனக்கு நேரில் தெரிந்த செய்தியைப்போல, அத்தனை உறுதியாகச் சொன்னேன். அவன் ஒரு 100 சிசி வண்டி வாங்கிக்கொண்டான். தகப்பனார் அடுத்த வருடம் காலமானார். மகன் புல்லட்டில் வந்து வாசலில் நிற்பதை அவர் பார்த்திருக்கலாம்; என் வாய்ப்பேச்சால் அது நடக்கவில்லை.

மூடப்படும் என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன அந்தக் கம்பெனி, 2024-25 நிதியாண்டில் 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அது பிழைத்ததற்குப் பழைய அன்பர்களின் பற்று மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். வலப்பக்கமிருந்த கியரை இடப்பக்கம் மாற்றியபோதும், வார்ப்பிரும்பு எஞ்சினை விட்டுப் புதிய எஞ்சின் போட்டபோதும், "இது புல்லட்டே இல்லை" என்று என் கடை முன்னால் நின்று கோபித்தவர்கள் பழைய அன்பர்கள்தாம். கம்பெனி அவர்கள் மனத்தையும் நோகடிக்காமல், அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதிருந்த இளைஞனையும் உள்ளே அழைத்தது. 2005இல் ஐஷர் டிராக்டர் தொழிலைச் சென்னை டாஃபே கம்பெனிக்கு விற்றுவிட்டு லாரியிலும் புல்லட்டிலும் கருத்தை வைத்தது. அந்த உழைப்புக்குரிய மதிப்பைக் கொடுக்காமல், எல்லாவற்றையும் பற்றின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

ஹார்லி டேவிட்சனைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2020 செப்டம்பரில் அவர்கள் ஹரியானாவின் பாவல் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தபோது, இங்கே லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் கலங்கித்தான் போனார்கள். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் விற்பனையையும் சர்வீஸையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு மாதத்தில் வண்டியை அவசரமாக விற்றவர்கள்தாம் இழந்தார்கள். அமெரிக்காவிலேயே 1981இல் ஹார்லியின் அதிகாரிகள் பதின்மூன்று பேர் அப்போதைய உரிமையாளரான ஏஎம்எஃப் கம்பெனியிடமிருந்து அதைத் திரும்ப வாங்கியபோதும் இது தேறாது என்றுதான் பலரும் பேசியிருப்பார்கள்.

இன்னொரு வகை வதந்தியும் உண்டு; அது இனிக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 திரும்பி வருகிறதாம் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது யாரேனும் கடைக்கு வந்து சொல்கிறார்கள். 1996இல் நின்ற வண்டி அது. அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இன்றைய புகை விதிகளைத் தாண்டாது. பெயர் வேண்டுமானால் வரலாம், அந்த ஓசை வராது. ஆனால் இந்தப் பேச்சை நம்பி வாங்க வேண்டியதை வாங்காமல் வருடக்கணக்கில் காத்திருக்கும் பையன்களை எனக்குத் தெரியும். ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் உண்மையாகவே திரும்பி வந்ததால், இந்த ஆசை இன்னும் வலுத்துவிட்டது.

அந்தப் பெரியவருக்கு என்ன சொல்வது என்று கேட்டாயல்லவா? புதிய முதலாளி யார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் அவர் அளவுக்குமேல் யோசிக்க வேண்டாம். போலாரிஸ் தன் விக்டரி மோட்டார்சைக்கிளை 2017இல் நிறுத்தியபோது, பத்து வருடத்துக்குப் பார்ட்ஸ் தருவோம் என்றுதான் முதலில் உறுதி கூறியது. வண்டி வைத்திருப்பவனுக்கு வேண்டிய வாக்கு அதுதான். 2025 அக்டோபரில் அதே போலாரிஸ் 'இந்தியன்' என்ற தன் அமெரிக்க மோட்டார்சைக்கிள் கம்பெனியின் பெரும்பங்கை விற்பதாக அறிவித்தபோதும், அதை ஓட்டுபவர்கள் முதலில் கேட்டிருப்பது இதைத்தான். ஆகவே, நீ அவரோடு ஒருநாள் டீலரிடம் போ. புது வண்டிகள் நிற்கும் முன்பக்கம் நிற்காமல் நேரே பார்ட்ஸ் கவுன்டருக்குப் போய், பத்து வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு ஒரு டிரைவ் பெல்ட்டும், பனிவண்டியின் சுழலும் ரப்பர் தடத்தின் உட்புறம் உராய்ந்து தேயும் அந்த நீளப் பிளாஸ்டிக் பட்டையும் கேளுங்கள். பெல்ட் எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடும்; பட்டையில்தான் உண்மை தெரியும். டீலர் அதை அலமாரியிலிருந்து எடுக்கிறாரா, எத்தனை நாள் ஆகும் என்கிறார், சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்கிறாரா என்பதைக் கவனி. நாற்பது வருடம் கவுன்டருக்கு உள்ளே நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மூடப்போகும் கம்பெனியின் அலமாரி ஒரு வருடத்துக்கு முன்பே காலியாகத் தொடங்கிவிடும். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு அவசியம் எழுது.

உன் ரோட்கிங்கைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தேன். மூன்றாவது மிதியிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. கிளட்ச் கேபிளில் இரண்டு இழை விட்டுவிட்டது; ஒரிஜினல் ஒன்றைச் சிவாஜிநகரில் தேடிப்பிடித்து மாற்றிவிட்டேன், இன்னொன்றை வாங்கி உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பின் பிரேக் ஷூ மட்டும் நீ வந்த பிறகு மாற்றலாம். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா யெஸ்டி நாளுக்கு இருவருமாகப் போக வேண்டும், அதற்குள் ஊர் வந்து சேர்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்