எங்கள் குழாய்த் தண்ணீர் புறப்படும் ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் இந்த அக்டோபரில் கலிபோர்னியாவின் இன்யோ கவுண்டிக்கு, அதாவது இன்யோ மாவட்டத்துக்கு, போய்த் திரும்பியதை அறிவீர்கள். பயணம் நல்லபடியாக நடந்ததற்கு அந்த ஊர்க்காரர்கள் பலர் காரணம். அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டோம். அவர்கள் நம் பிள்ளைகளுக்குச் செய்தது என்னவென்று நம்மவர்களுக்கும் தெரியவேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 395ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இண்டிபெண்டன்ஸ் வந்துவிடும். 1866இல் உருவான இன்யோ கவுண்டிக்கு அந்தச் சிற்றூர்தான் தலைநகர். கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பரப்புள்ள இந்தக் கவுண்டியில் வசிப்பவர்கள் 19,000 பேர் மட்டுமே. 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரமும், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் பள்ளமும் இந்த ஒரே கவுண்டிக்குள்தான் இருக்கின்றன. இவ்வளவு பெரிய நிலத்தின் வரலாற்றை இவ்வளவு சிலர் காப்பாற்றி வருகிறார்கள் என்பதே எனக்கு மலைப்பாக இருக்கிறது. பல இடங்களில் கதவைத் திறந்துவிட்டு எங்களை வரவேற்றவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

முதல் நன்றி, பிஷப் ஊரில் எங்களைச் சந்தித்த பைய்யூட் என்ற பூர்வகுடி இனத்துப் பெரியம்மாவுக்கு. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஓவன்ஸ் பள்ளத்தாக்கு அவருடைய முன்னோர்களின் மண். வெள்ளையர் வருவதற்கு முன்பே அவர்கள் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கிழங்குச் செடிகள் விளையும் புல்வெளிகளுக்குப் பாய்ச்சினார்கள். பிஷப் ஓடையில் வசந்த காலத்தில் அணை கட்டுவார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொள்ள, நம் ஊர் நீர்க்கட்டியைப் போல, ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஓடைக்கு வடக்கே ஒரு நிலம், தெற்கே ஒரு நிலம். ஓர் ஆண்டு இதற்கு நீர், மறு ஆண்டு அதற்கு. எங்களுடன் வந்திருந்த கும்பகோணத்துப் பாட்டி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நீர்க்கட்டிக்கு ஊர் என்ன கொடுத்தது? விளைந்தது என்ன கிழங்கு?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒன்று நம் கோரைக்கிழங்கின் உறவு என்று தெரிந்ததும் இருவரும் பிள்ளைகளை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்த்து மாளவில்லை எனக்கு.

பிறகு அந்த அம்மா ஒரு கூடைக்குடத்தை எடுத்துவந்தார். வில்லோ நாரால் நெருக்கமாகப் பின்னி, பைன் மரத்துப் பிசினைப் பூசியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். பிசின் வாசம் இன்னும் போகவில்லை. தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுக்கூடக் கசியாதாம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1863ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு குடியேறிகளின் கால்நடைகள் கிழங்கு நிலங்களை மேய்ந்து அழிக்க, சண்டை மூண்டது. பட்டாளம் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேரை நடக்கவைத்தே தெற்கே டெஹோன் கோட்டைக்கு ஓட்டிச் சென்றார்கள். பலர் தப்பித்து, நடந்தே திரும்பி வந்தார்கள். "அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன்" என்றார். குரலில் கசப்பு இல்லை.

இண்டிபெண்டன்ஸில் உள்ள கிழக்குக் கலிபோர்னியா அருங்காட்சியகத்தாருக்கும் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். 1928இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் பைய்யூட், ஷோஷோனி பெண்கள் முடைந்த கூடைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளுக்குப் பெரும் பாடமாக அமைந்தது தண்ணீரின் கதை. 1905 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்கில் நிலமும் நீருரிமையும் வாங்கியது. 1913 நவம்பர் 5ஆம் தேதி, அந்த நீரை நகரத்துக்குக் கொண்டுவர வெட்டிய 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயின் மதகைத் திறந்தபோது பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் கூடியிருந்தவர்களைப் பார்த்து, "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எடுத்துக்கொண்டோம். 1924இல் உள்ளூர் மக்கள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கால்வாயின் அலபாமா மதகுகளைக் கைப்பற்றி, தண்ணீரைத் திருப்பிவிட்டு நான்கு நாட்கள் குடும்பத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பயனில்லை. 1926 வாக்கில் ஓவன்ஸ் ஏரி வறண்டது. அந்த ஏரிப் படுகையிலிருந்து கிளம்பிய உப்புத் தூசியை அடக்க நகரம் இன்றுவரை செலவழித்து வருகிறது. 2006இல் ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீண்டும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன அருங்காட்சியகத்துக்காரர், எங்கள் பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தே சொன்னார். "உங்கள் ஊர் செய்தது" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதே வேளையில் எதையும் மறைக்கவும் இல்லை. அந்தப் பெருந்தன்மைக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மன்சனாரில் எங்களை அழைத்துச் சென்ற பூங்காப் பணியாளருக்கு அடுத்த நன்றி. அந்த ஒரே இடத்தில் மூன்று வரலாறுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. முதலில் பைய்யூட் மக்கள். பிறகு 1910இலிருந்து ஆப்பிளும் பேரியும் வளர்த்த பழத்தோட்டக்காரர்கள். 1929க்குள் அவர்களுடைய நிலமெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கைக்குப் போய்விட்டது. 1942இல், ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, அதே நிலத்தில் முள்வேலியும் காவல் கோபுரங்களும் எழுந்தன. ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

மறுபடி கட்டி வைத்திருக்கும் குடியிருப்பு ஒன்றுக்குள் அந்தப் பணியாளர் எட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்தார். இருபதடிக்கு இருபத்தைந்தடி அறை. எட்டு இரும்புக் கட்டில்கள், வைக்கோல் அடைத்த மெத்தைகள், ஓர் எண்ணெய் அடுப்பு, நடுவே தொங்கும் ஒற்றை விளக்கு. "முன்பின் தெரியாதவர்களையும் ஒரே அறையில் போட்டார்கள். இனி உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்றார். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அமைதியானார்கள். ஒரு பெண் போர்வையைத் திரைபோலப் பிடித்துப் பார்த்தாள். அப்படித்தான் செய்தார்கள் என்று பணியாளர் சொன்னார். பக்கத்துக் கட்டடத்தில், தடுப்பே இல்லாமல் வரிசையாக அமைந்த பெண்கள் கழிப்பறையைப் பார்த்தபோது அம்மாக்கள் யாரும் பேசவில்லை.

அடைபட்டவர்கள் அந்தப் பாலைவனத்திலும் கல் அடுக்கிக் குளம் வெட்டித் தோட்டம் போட்டார்கள். புழுதியில் புதைந்திருந்த அந்தத் தோட்டங்களைத் தோண்டியெடுத்துச் சீரமைத்ததில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. தோயோ மியதாகே என்ற புகைப்படக்காரர் லென்ஸ் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து, மரத்தால் கேமரா செய்து முகாமைப் படமெடுத்தார் என்ற செய்தி எங்கள் பையன்களை விட்டு இன்னும் போகவில்லை. மயானத்தில் 1943இல் எழுப்பிய வெள்ளைத் தூணின் அடியில் வண்ணக் காகிதக் கொக்குகள் கிடந்தன. நம் பிள்ளைகளும் தாங்கள் மடித்த கொக்குகளை வைத்தார்கள்.

லோன் பைன் ஊரிலும் நல்லவர்களைச் சந்தித்தோம். 1872 மார்ச் 26 அதிகாலையில் வந்த நிலநடுக்கத்தில் அங்கே 59 வீடுகளில் 52 இடிந்தன. 27 பேர் இறந்தார்கள். சுட்டெடுக்காத மண்செங்கல் வீடுகள்தான் அவ்வளவு உயிர்களை வாங்கின. அவர்களில் பலரைச் சேர்த்துப் புதைத்த கல்லறைக்கும், ஊருக்கு மேற்கே நிலம் பிளந்து படியாக நிற்கும் இடத்துக்கும் வழிகாட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நன்றி. ஓலாஞ்சா அருகே வேனின் டயர் வெடித்தபோது வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு, பணம் வாங்க மறுத்த மெக்கானிக்குக்கு நன்றி. முன்னறிவிப்பில்லாமல் போய் நின்றும், முப்பது பேருக்குச் சைவச் சாப்பாடு சமைத்துப் போட்ட உணவகத்தாருக்கும்.

பிஷப் அருகே லாஸ் (Laws) என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் குறுகிய பாதை ரயிலின் ஒன்பதாம் எண் எஞ்சின் நிற்கிறது. 1883இல் அந்த ஊரை எட்டிய அந்தப் பாதையில் 1960இல் கடைசி வண்டி போனது. அங்கிருந்த முதியவர் சிறு பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து, மணிக் கயிற்றை ஒவ்வொருவராக இழுக்கவிட்டார். பொறுமை என்றால் அந்தப் பொறுமை!

வேன் ஓட்டிய அப்பாக்களுக்கும், விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டிக்கொடுத்த அம்மாக்களுக்கும், கேள்வி கேட்டுக் கேட்டே எங்களுக்குப் பாடம் எடுத்த கும்பகோணத்துப் பாட்டிக்கும் பள்ளியின் வணக்கம். பிள்ளைகள் தமிழில் எழுதிய பயணக் குறிப்புகளின் படிகளை, ஆங்கிலச் சுருக்கத்தோடு அருங்காட்சியகத்துக்கும் பிஷப் பெரியம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறோம்.

மன்சனாருக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நினைவு யாத்திரை உண்டு. அடுத்த ஆண்டு வரும்படி நம்மை அழைத்திருக்கிறார்கள். வர விரும்பும் குடும்பங்கள் பொங்கலுக்குள் ஆசிரியர்களிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். அந்த வாரம் அங்கே தங்குமிடம் கிடைப்பது கடினம்.

நன்றியுடன்,
மேல்வகுப்பு ஆசிரியை,
லாஸ் ஏஞ்சல்ஸ்