2025–26 ஆண்டறிக்கை: ஆதாரில் பெயர் பொருந்தாத பிள்ளைகளும் பள்ளியில் குறையும் ஆசிரியர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாராவியிலிருந்தும் சயன் கோலிவாடா, வடாலா பக்கமிருந்தும் வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, அக்கா தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் விழா வழக்கம்போல் நல்லபடியாக முடிந்தது, கோலப் போட்டிக்கு இந்தத் தடவை கூட்டம் அதிகம். மறைந்த உறுப்பினர்களுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம்.

இனி பள்ளி விஷயம். சென்ற பொதுக்குழுவில் சிலர், "விழா நடத்தத்தானே சங்கம், ஆதார் திருத்தத்துக்கு ஏன் காசு செலவழிக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். அன்றைக்கு நேரம் இல்லாததால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்கலாம் என்பதைத் தலைமையாசிரியர் முடிவு செய்வதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் அது இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 60 பிள்ளைகள் வரை என்றால் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. மகாராஷ்டிராவில் இந்தத் தலைக்கணக்கை செப்டம்பர் 30 அன்று உள்ள சேர்க்கையை வைத்து எடுக்கிறார்கள். இப்போது அதிலும் ஆதாரோடு பெயர், பிறந்த தேதி எல்லாம் பொருந்திய பிள்ளைதான் கணக்கு. பொருந்தாத பிள்ளை தினமும் பள்ளிக்கு வந்தாலும், மதியம் அங்கேயே சாப்பிட்டாலும், ஆசிரியர் எண்ணிக்கையை முடிவு செய்யும்போது அது வராத பிள்ளைதான்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய தொல்லையாகிறது என்றால், நமக்கு ஆட்நாவ், அதாவது மராட்டியர் பெயருக்குப் பின்னால் போடும் குடும்பப் பெயர், கிடையாது. ஊரில் பிரசவம் பார்த்துவிட்டு வருகிறோம், அங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் பெயரும்தான் இருக்கும். இங்கே ஆதார் எடுக்கும்போது அப்பா பெயரை முழுதாகப் பின்னால் சேர்த்துவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் என்று மூன்று கட்டம், மூன்றாவதைக் காலியாக விட முடியாது, தாத்தா பெயரை எழுதிவிட்டு வருகிறோம். ஆக ஒரே பிள்ளைக்கு மூன்று காகிதத்தில் மூன்று பெயர். நான் பார்த்த ஒரு பெண்பிள்ளைக்கு ஆதாரில் அப்பா பெயர் முன்னால் வந்து, அவள் பெயர் ஆட்நாவாகப் போயிருந்தது. பள்ளி விவரம் ஏற்றும் இணையதளத்தில் அவள் வரி பொருந்தவில்லை என்று சிவப்பாகவே நின்றது, அவள் அண்ணன் பெயர் மட்டும் சரியாக ஏறியிருந்தது.

எழுபது பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இப்படி ஆனால் போதும், கணக்கு அறுபதுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும், மூன்றாவது ஆசிரியர் இடம் போய்விடும். அப்புறம் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு ஆசிரியர் ஒன்றாம் வகுப்புக்கு ஓடுவார். படிப்பு சரியில்லை என்று பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், எண்ணிக்கை இன்னும் குறையும், அடுத்த ஆண்டு இன்னோர் இடம் போகும். தமிழ்ப் பள்ளிக்கு ஆள் வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆள் வராததற்கு முன்னால் ஆசிரியர் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொத்தப் பழியையும் பிள்ளைகளின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

அதனால்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் முகாம் நடத்தினோம். படிவம் நிரப்பினோம், ஊருக்குப் போன் போட்டு சான்றிதழ் வரவழைத்தோம், பெற்றோரை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போனோம். நாள்கூலி விட்டுவிட்டு வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு ஆட்டோ செலவும் சாப்பாடும் சங்கம் கொடுத்தது. கேள்வி கேட்கப்பட்ட செலவு இதுதான். நாம் கவனிக்கும் பள்ளிகளில் ஒன்றில் ஆசிரியர் இடம் குறையாமல் நின்றதற்கு இந்த வேலைக்கும் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கான விண்ணப்பத்துக்கு உதவினோம். அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தர வேண்டாம் என்று 2024இல் அரசு கொண்டுவந்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு அந்த வழி மறுபடி திறந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, பட்டியல் சாதியினர் என்றால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிராவில் இருந்ததற்குச் சான்று வேண்டும். பழைய ரேஷன் கார்டு, மில் வேலைச் சீட்டு, பள்ளிச் சான்று எதுவானாலும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றாம் வகுப்பிலேயே இந்தி என்ற அரசாணையை 2025 ஜூன் 29இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள், நாம் எழுதி வைத்திருந்த மனு தேவைப்படவில்லை.

தமிழ்வழி பல பள்ளிகளில் ஏழு, எட்டோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வரை உள்ளவை சிலவே, அதுவும் எல்லோருக்கும் நடக்கும் தூரத்தில் இல்லை. எட்டு முடித்த பிள்ளை திடீரென்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ அறிவியல் படிக்க வேண்டியிருக்கிறது. பையன் ஒன்பதில் தோற்றால் பட்டறைக்குப் போகிறான், பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நம் தாத்தா பாட்டி பிழைக்க வந்த காலம் வேறு. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கிய பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்து மேலே வந்தார்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். ஒரு திட்டத்துக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. எட்டோடு பள்ளியை நிறுத்துவதும் திட்டம்தான், அதன் பலனையும் நம் தெருவிலேயே பார்க்கிறோம்.

இதைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதே அந்தக் குழுதான். நம் உறுப்பினர்கள் சிலர் பேர் கொடுத்துத் தேர்வும் ஆனார்கள், அதன்பின் கூட்டத்துக்குப் போகவில்லை. கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போனதாகக் கேள்வி. எனக்கு இதில் உண்மையான மனவருத்தம் உண்டு. கோவில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போக ஒரு வாரம் விடுப்பு எடுக்கிற நாம், பிள்ளை படிக்கும் பள்ளிக்கு மாதத்தில் ஒரு மாலை போகக் கூடாதா?

வரவு செலவு ஏறக்குறையச் சமமாக வந்திருக்கிறது, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, விவரம் பொருளாளர் ஏட்டில் உள்ளது. சந்தா பாக்கி பாதிக்கு மேல். செயற்குழுவிலேயே பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு, பெயர் சொல்ல விரும்பவில்லை, அவர்களுக்கே தெரியும்.

அறை தந்த அன்பருக்கும், முகாமில் உட்கார்ந்து படிவம் எழுதிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சமையல் பார்த்த மகளிர் அணிக்கும் நன்றி.

தாராவி மறுசீரமைப்பில் யார் எங்கே போவோம் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. வீடு மாறினால் பிள்ளையின் பள்ளியும் மாறும், செப்டம்பர் கணக்கும் மாறும். ஆகவே வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே முகாமைத் தொடங்க வேண்டும். ஒருவரே இழுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை இது. மேலாண்மைக் குழுவில் உட்கார நாலு தாய்மார்கள், இணையத்தில் விவரம் ஏற்றத் தெரிந்த இரண்டு இளைஞர்கள், ஆட்டோ செலவுக்குச் சந்தா பாக்கி, இவ்வளவு கிடைத்தால் பொறுப்பில் தொடர்கிறேன். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உள்ள ஏட்டில் எழுதுங்கள், பிள்ளையின் ஆதார் நகலையும் அங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்