பிளக் வாங்கப் போகும்முன் எண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பெட்ரோல் காருக்கு ஸ்பார்க் பிளக், அதாவது சிலிண்டருக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது "நல்ல பிளக்கா நாலு குடுங்க" என்பதுதான். எந்த வருஷத்து வண்டி, எந்த இன்ஜின் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபமே வந்துவிடுகிறது, "ஸ்விஃப்ட்டுக்குப்பா, கடை வெச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா" என்கிறார்கள். ஸ்விஃப்ட் என்ற ஒரே பெயரில் 2005-இல் இருந்து எத்தனையோ இன்ஜின் வந்துவிட்டது. முதலில் வந்தது 1.3 லிட்டர் பெட்ரோல், அப்புறம் 1.2 லிட்டர், இடையில் டீசல், 2024-இல் வந்த புது ஸ்விஃப்ட்டில் மூன்றே சிலிண்டர். ஆக, அந்தப் புது வண்டிக்கு மூன்று பிளக் போதும், டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இன்னொரு பக்கம், 2003 முதல் சில வருஷம் விற்ற ஐ-டிஎஸ்ஐ இன்ஜின் ஹோண்டா சிட்டிக்கு நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக் வேண்டும். நாலை மட்டும் மாற்றிவிட்டு மீதி நாலு பழசை அப்படியே விட்ட வண்டிகள் நிறைய இருக்கும்.

அதனால் உங்கள் பத்திரிகை வழியாகக் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். எந்த பிராண்ட், எந்த உலோகம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். உங்கள் இன்ஜினுக்கு என்று கார் கம்பெனி குறித்துக் கொடுத்த பிளக் எண் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓனர்ஸ் மேனுவலில் கடைசிப் பக்கங்களில், இன்ஜின் ஆயில் அளவு, டயர் காற்றழுத்தம் எழுதியிருக்கும் இடத்திற்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அதை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாமே இருக்கிறது. பழைய வண்டிகளில் அதிகம் ஓடிய என்.ஜி.கே. பிராண்ட் பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம், பி.பி.ஆர்.6.இ.எஸ். முதல் எழுத்து மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்கிறது. இரண்டாவது, உள்ளே இருக்கும் பீங்கான் நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்கிறது. ஆர் என்றால் உள்ளே மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் உண்டு. 6 என்பது வெப்பநிலை வரிசை. இ என்பது மரையின் நீளம், 19 மில்லிமீட்டர். கடைசி எழுத்து நடு எலெக்ட்ரோடு, அதாவது பிளக் நுனியின் நடுவில் இருக்கும் உலோக முனை, எந்த வகை என்பதற்கு. இதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 11 என்று இருந்தால் கேப், அதாவது பொறி தாண்டும் இடைவெளி, 1.1 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இதில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பிளக்தான், பார்வைக்கு மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

மரை நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 19 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்தில் 12.7 மில்லிமீட்டர் பிளக்கைப் போட்டாலும் இறுக்கமாகத்தான் உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் பொறி வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்காமல் பள்ளத்துக்குள் வெடிக்கும், சிலிண்டர் ஹெட்டில் காலியாக விடப்பட்ட மரையில் கரி படியும், பின்னொரு நாள் சரியான பிளக்கைப் போட முயன்றால் அது உள்ளே ஏறாது. நீளம் கூடிப்போனால் இன்னும் மோசம், பிஸ்டனே வந்து பிளக்கில் இடிக்கலாம். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கிவிடலாம்.

அடுத்தது அந்த 6. பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான், கடைக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்று பேசிக்கொள்வது பொறியின் சூட்டைப் பற்றி இல்லை. தன் நுனியில் ஏறுகிற சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிடந்தால் படிகிற கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். 850, 870 டிகிரியைத் தாண்டினால் நுனியே நெருப்புத்துண்டு மாதிரி கனன்று, பொறி விழும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், பிஸ்டனில் ஓட்டை விழுகிற அளவுக்குப் போகும். இந்த இரண்டு எல்லைக்கு நடுவே நுனியை வைத்திருக்கத்தான் கார் கம்பெனி சோதனை செய்து ஒரு எண்ணை முடிவு பண்ணுகிறது. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பிராண்டும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக், போஷிலும் சாம்பியனிலும் எண் கூடக்கூடச் சூடான பிளக். என்.ஜி.கே. 6-க்குச் சமமானது போஷில் 7, டென்சோவில் 20. மேலே சொன்ன பிளக்குக்கு போஷில் டபிள்யூ.ஆர்.7.டி.சி. என்று கேட்க வேண்டும். "அதுலயும் 6, இதுலயும் 6, ஒண்ணுதான் சார், போட்டுக்கங்க" என்று யாராவது சொன்னால் அந்தக் கவுன்டரை விட்டு நகர்ந்துவிடுங்கள். பிராண்ட் மாற்றுவது தப்பில்லை, அந்தக் கம்பெனியின் கேட்டலாக்கில் உங்கள் வண்டியின் பெயர், வருஷம், இன்ஜின் போட்டுப் பார்த்து அது காட்டுகிற எண்ணை வாங்க வேண்டும்.

ரெசிஸ்டர் பற்றி ஒரு வரி. அது இல்லாத பிளக்கை இன்றைய கார்களில் போடக்கூடாது. பொறி விழும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் எஃப்.எம். ரேடியோவைக் கெடுப்பதோடு நிற்காது, இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வரும் சென்சார் சிக்னலையும் குழப்பும்.

இனி எல்லோரும் முதலில் கேட்கிற இரிடியம். நிக்கல் எலெக்ட்ரோடு பிளக் சுமார் 30,000, 40,000 கிலோமீட்டர் வரும். இரிடியம் வண்டியைப் பொறுத்து ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைகூட வரும். காரணம் உலோகம்தான், நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அவ்வளவு தாங்குவதால் நடு எலெக்ட்ரோடை 0.4, 0.6 மில்லிமீட்டர் மெல்லிசாகச் செய்ய முடிகிறது, மெல்லிய நுனியில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும், பிளக்குக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயிலுக்குப் பளு குறையும். இதெல்லாம் உண்மை. ஆனால் "இரிடியம் போட்டா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடும்" என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. தேய்ந்துபோன பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும், சரியான எண்ணாக இருந்தால், விட்டுப்போன மைலேஜ் திரும்ப வரும். அது புதுசாக இருப்பதால் வருவது, இரிடியத்தால் வருவது இல்லை. மேனுவலில் நிக்கல் என்று இருக்கும் பழைய வண்டி, வருஷத்துக்கு ஐந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் நிக்கலே போதும், அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் மாற்றுங்கள். அதேபோல மேனுவலில் இரிடியம் என்று இருந்தால் காசை மிச்சம் பிடிக்க நிக்கலுக்கு இறங்க வேண்டாம். சில வி6 இன்ஜின்களில் பிளக்கைத் தொட இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும், பிளக்கில் மிச்சம் பிடித்த பணம் கூலியில் போய்விடும்.

டூப்ளிகேட்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வரவைக்கும் விஷயம். பெங்களூரு மைக்கோ கம்பெனி பெயரில் பிளக் வந்த காலத்தில், அது 2008-இல் போஷ் என்று பெயர் மாறுவதற்கு முன்பே, போலி இருந்தது. இன்று பெட்டி அச்சு அவ்வளவு நேர்த்தி, பெட்டியை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பீங்கானில் இருக்கும் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, நடு எலெக்ட்ரோடு சரியாக மையத்தில் நிற்கிறதா, மேலே வளைந்து வரும் எலெக்ட்ரோடு அதற்கு நேராக வருகிறதா, மரையில் பிசிறு தட்டுகிறதா, வாஷர் கழன்று கையோடு வந்துவிடுகிறதா என்று பாருங்கள். நாலு பிளக்கையும் வரிசையாக வைத்தால் நாலிலும் கேப் ஒன்றாக இருக்க வேண்டும். இரிடியம் என்று எழுதி நிக்கல் விலைக்குக் கொடுத்தால் அது இரிடியம் இல்லை, இதில் யோசிக்கவே வேண்டாம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் விற்பவர் யார் என்று பார்த்து, பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த அல்லது இறக்குமதி செய்த கம்பெனியின் பெயர் முகவரி, மாதமும் வருஷமும், புகார் தெரிவிக்க வேண்டிய விவரம் இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதி. பில் கண்டிப்பாக வாங்குங்கள், பில்லில் "பிளக் 4" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல் முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்கிறார்கள், 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பில் இல்லாமல் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டு என்ன சொல்லப் போகிறீர்கள்?

மாட்டும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கையால் மரை பிடித்துச் சுற்ற வேண்டும், ஸ்பேனர் அதற்கப்புறம்தான். 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத ஒர்க்ஷாப் என்றால், 14 மில்லிமீட்டர் புது வாஷர் பிளக் கையால் இறுகி நின்றபின் அரைச் சுற்று, அதற்கு மேல் "நல்லா டைட் பண்ணுப்பா" என்று நீங்களும் சொல்லாதீர்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், அது இருந்தால் அதே பலத்துக்குக் கூடுதலாக இறுகிவிடும். பழைய பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுகிற பழக்கம் இரிடியத்தில் வேண்டவே வேண்டாம், அந்த மெல்லிய நுனி தாங்காது.

கழற்றிய பழைய பிளக்கை எந்த சிலிண்டரில் இருந்து எது வந்தது என்று வரிசை மாறாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. கறுப்பாக, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் புது பிளக்கும் சீக்கிரமே அதே கதிக்கு வரும், காரணத்தைப் பார்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றுவதில் பலன் இல்லை.

சி.என்.ஜி. வைத்திருக்கும் டாக்சிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாயுவில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் தேய்ந்த பிளக் முதலில் காட்டிக்கொடுப்பது சி.என்.ஜி.யில்தான், பெட்ரோலில் சரியாக ஓடும், கேஸுக்கு மாற்றியதும் மிஸ் அடிக்கும். அப்படியே ஓட்டினால் எரியாத எரிபொருள் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், காயிலும் போகும்.

அரசுக்கும் கார் கம்பெனிகளுக்கும் சேர்த்து இரண்டு கோரிக்கை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களிடம் மேனுவல் இருப்பதே அபூர்வம். பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரில் பிளக் எண்ணையும் கேப் அளவையும் அச்சிட்டு ஒட்ட கார் கம்பெனிகளுக்குப் பெரிய செலவு ஆகாது. இரண்டாவது, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் காய்கறிக் கடைத் தராசைச் சோதிப்பது போல உதிரிபாகக் கடைகளிலும் பெட்டி பெட்டியாக எடுத்துப் பார்க்க வேண்டும், என் கடையில் இருந்தே ஆரம்பிக்கட்டும். போலி முத்திரைப் பொருள் விற்பவருக்கு 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டால்தான் ஒழுங்காகப் பில் போட்டு ஒரிஜினல் விற்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிற்க முடியும்.

இப்படிக்கு,
கார் உதிரிபாகக் கடைக்காரர்,
திருச்சி