அது எலி இல்லை அம்மா

பார்ன்ஸ்லி, இங்கிலாந்து,
தை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிய கடிதம் கிடைத்தது. போனில் உனக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று அக்கா சொன்னதிலிருந்து எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன், நீ முந்திக்கொண்டாய். முக்கால்வாசி திட்டு. முதலில் அதற்குப் பதில்.

அக்கா போனில் நீ பார்த்தது எலி இல்லை. ஃபெரட் என்பார்கள். நம்மூர்க் கீரிப்பிள்ளையைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல் இருக்கும். நானாகப் போய் வாங்கவும் இல்லை. வீட்டுக்காரத் தாத்தாதான் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தார். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர் என்று எழுதியிருந்தேனே, அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் பலர் இதை வளர்த்திருக்கிறார்கள். முயல் வளைகளின் வாயில் வலையைக் கட்டிவிட்டு இதை உள்ளே விடுவார்களாம். முயல் பதறி வெளியே ஓடிவந்து வலையில் விழும். இன்னொரு கூத்தும் உண்டு. போட்டிருக்கிற கால்சட்டையை அடியில் கட்டி, உள்ளே இரண்டு ஃபெரட்டை விட்டு, யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று போட்டி! இந்த ஊர்க்காரர் ஒருவர் 1981-இல் 5 மணி நேரம் 26 நிமிடம் நின்றிருக்கிறார். அத்தானிடம் சொல், சிரிப்பார்.

தாத்தாவுக்குக் கை நடுக்கம். அதனால் கவனிப்பெல்லாம் நான்தான். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், ஆனால் அதற்காக இல்லை.

நான் சின்னான் என்று கூப்பிடுகிறேன். வந்த புதிதில் பக்கத்தில் போனாலே கடித்தான். கையை வெடுக்கென்று இழுக்காதே, அடிக்கவே அடிக்காதே என்றார் தாத்தா. காப்பகத்தில் அவன் படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கூண்டுக்குள் தொங்கவிட்டோம், பழகிய வாசனை வேண்டுமாம். தீனியும் அங்கே கொடுத்ததேதான். பிறகுதான் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். தயிர்ச்சோறு கொடு என்று எழுதியிருக்கிறாய். ஆகாது அம்மா, இவனுக்குக் கறி மட்டும்தான். தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும், அதனால் தட்டு எப்போதும் காலியாக இருக்கக் கூடாது. எந்த மூலையைக் கண்டாலும் பின்பக்கமாகவே நகர்ந்து போய் வெளிக்கு இருந்துவிடுவான். மூலைக்கு மூலை அதற்கென்று ஒரு தட்டு வைத்த பிறகு பரவாயில்லை.

நாற்றம் உண்டு, மறைக்கவில்லை. அடிக்கடி குளிப்பாட்டினால் இன்னும் மோசமாகும் என்கிறார்கள், துணியைத்தான் மாற்ற வேண்டும். ரப்பரைக் கண்டால் கடித்துத் தின்பான், குடலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உன் நீலச் செருப்பு பீரோ மேலே ஏறிவிட்டது. ஒருநாள் தூங்குகிறவனைத் தூக்கினேன், தலை தொங்குகிறது, கை கால் துவண்டு கிடக்கிறது. நான் அலறிய அலறலில் தாத்தா கைத்தடியோடு ஓடிவந்தார். அவன் கொட்டாவி விட்டான். இவர்கள் தூக்கமே அப்படித்தானாம், ஒரு நாளில் பாதிக்கு மேல் தூக்கம்தான்.

நான் ராத்திரி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு விழித்திருப்பான். முதுகை வளைத்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் கொக்கரிப்பான். அது சந்தோஷமாம். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவனிடம் பேசுவேன். தமிழில்தான், வேறு யாரிடம் பேசுவது?

குளிர் தாங்கக்கூடியதுதான். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுதான். இந்த மாதம் ஷிப்ட் குறைவு, நல்ல ஓய்வு, உடம்பு தேறியிருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் பாப்பா தங்கைக்குக் காதுகுத்து என்று எழுதியிருக்கிறாய். லீவு கேட்டுப் பார்த்தேன். கிடைக்காது அம்மா. பாப்பாவுக்குக் குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டையை நனைத்தாளே, அந்தச் சட்டையை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். சின்னவள் என் முகத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். பெரியம்மா மகனை உட்காரச் சொல், அவனும் தாய்மாமன்தானே. அக்கா அழுதால் நீ சமாளி.

கம்மல் என் சீர், அதில் மாற்றம் இல்லை. ஆனால் தங்கம் விற்கிற விலைக்கு அரைப் பவுனில் எடுக்கலாம், ஜிமிக்கி அப்புறம் சடங்குக்குப் பார்த்துக்கொள்வோம். நீ கட்டுகிற நகைச்சீட்டு மாசியில் முடியும் இல்லையா? இப்போதைக்கு அதில் எடுத்துவிடு. சித்திரைக்குள் அனுப்பிவிடுகிறேன். அத்தானுக்கு இது தெரிய வேண்டாம். பட்டுப்பாவாடைக்கு மட்டும் பெரியம்மா மகன் கணக்கில் போட்டிருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்.

சித்தப்பா வேலியைத் தள்ளிப் போட்டது பற்றி: சர்வேயர் வரும் அன்று அத்தானைக் கூட வைத்துக்கொள். பட்டாவின் நகலை மட்டும் காட்டு, அசலைக் கொடுக்காதே. சித்தப்பா என்ன சொன்னாலும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. காது டாக்டரிடம் இந்த வாரமே போ.

அன்புடன்,
உன் மகன்