நிறுத்திவைக்கப்பட்ட ஆய்வு நல்கையின் இரண்டாம் தவணையை விடுவிக்கக் கோரி மனு

அனுப்புநர்
முதன்மை ஆய்வாளர், திட்ட உதவியாளர்கள், ஆராய்ச்சி மாணவர்கள்,
சமூகவியல் – வரலாற்றுத் துறைகளின் கூட்டு ஆய்வுத் திட்டம்

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஆராய்ச்சி நல்கைப் பிரிவு

பொருள்: பேரிடர் காலச் சிக்கனத்தைக் காரணம் காட்டி நிறுத்திய சமூக அறிவியல், கலைப்புல ஆய்வு நல்கையை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரக் குடியிருப்புகளைத் தாங்களே நேரில் வந்து பார்த்தீர்கள். கரை எங்கே உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடம் முகாமானது, மக்களை எங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள் என்றெல்லாம் தங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பங்களிடையே நடக்கும் எங்கள் ஆய்வுக்கு முதல் தவணை தந்ததும் தங்கள் அலுவலகமே. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் இரண்டாம் தவணை, "நிலைமை சீராகும் வரை நிறுத்திவைப்பு" என்ற ஒற்றை வரிக் குறிப்போடு நின்றுவிட்டது. முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை மீண்டும் பணிவுடன் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

1. முதல் தவணைக்கான பயனீட்டுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, இடைக்கால அறிக்கை ஆகியவற்றை உரிய காலத்தில் சமர்ப்பித்துவிட்டோம். எங்கள் தரப்பில் நிலுவை எதுவும் இல்லை.

2. மருந்துக்கும் நிவாரணத்துக்கும்தான் பணம் முதலில் போக வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் நெருக்கடி முடிந்த பிறகுதான் மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்பதை ஏற்க முடியவில்லை. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைப் பையில் வைத்து முன்பின் தெரியாதவர்கள் எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். பயந்த மக்கள் நோயாளிகளையும் உடல்களையும் மறைத்தார்கள். சடங்கில் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை விட மாட்டீர்கள் என்று குடும்பத்தாரோடு உட்கார்ந்து கேட்டவர்களில் மானுடவியலாளர்கள் முக்கியமானவர்கள். குடும்பமும் சமயத் தலைவர்களும் பங்கேற்கும்படியான அடக்க நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன நோய் அது. நிலைமை சீராகட்டும் என்று அவர்களும் காத்திருந்திருக்கலாமா?

3. எங்களை மிகவும் வாட்டுவது இரண்டாம் சுற்று நேர்காணல்தான். முகாமில் பேசிய அதே குடும்பங்களிடம், இடைவெளி விட்டு, அதே கேள்விகளை மறுபடி கேட்பதுதான் இந்த ஆய்வின் அடிப்படை. இரண்டாம் சுற்று இல்லையென்றால் தாங்கள் பணம் கொடுத்த முதல் சுற்றும் வீண். இது தங்கள் நிபுணர் குழுவே ஏற்றுக்கொண்ட ஆய்வு முறை. குடும்பங்கள் தினமும் சிதறிக்கொண்டிருக்கின்றன. முகாமில் தந்த கைப்பேசி எண்கள் பலவும் இப்போது உபயோகத்தில் இல்லை. வேலை தேடிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாமென்றால் அவரும் போய்விட்டார். இடத்தைவிட நினைவு இன்னும் வேகமாக மாறுகிறது. "எச்சரிக்கை வந்தது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்கூட இல்லாத இடத்துக்கு வயசுப் பெண்ணை எப்படிக் கூட்டிப்போவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டோம்" என்று ஒரு தாய் முகாமில் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. அண்மையில் ஒரு மனு வரிசையில் எங்கள் உதவியாளரைக் கண்ட அதே தாய், "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஊர் முழுக்க அப்படியே பேசிப் பேசி அவருக்கும் அப்படியே நினைவாகிவிட்டது. தாழ்ப்பாள் போட்டால் தீரும் ஒரு குறை, யாருக்கும் தெரியாமலே போகப் போகிறது. அடுத்த வெள்ளத்தில் அதிகாரிகள் மறுபடி ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டுவார்கள்! அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த உதவியாளர்கள் ஊதியம் நின்றதும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அழுகைக்கும் மழைச் சத்தத்துக்கும் நடுவில் அந்த வட்டாரப் பேச்சைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பாதிப் பதிவு எழுதப்படாமல் வன்தட்டில் கிடக்கிறது. உதவித்தொகை நின்றதால் விடுதியைக் காலிசெய்த மாணவி ஒருவர் ஆய்வேட்டையே கைவிடும் நிலையில் இருக்கிறார்.

1931-ல் ஆஸ்திரியாவின் மரியன்தாலில் ஆலை மூடி ஊரே வேலையிழந்து கிடந்தபோது சமூக ஆய்வாளர்கள் மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட் ஆகியோரின் குழு அங்கே போயிற்று. தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்றுகூடக் குறித்தார்கள். பொழுது தாராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததைப் பதிவேட்டில் கண்டார்கள். வேலையின்மை மனிதரைக் கொதித்தெழச் செய்வதைவிட முடக்கிப்போடுகிறது என்பதற்கு இன்றைக்கும் காட்டப்படும் சான்று அந்த ஆய்வு. ஆலை திறக்கட்டும், அப்புறம் போகலாம் என்றிருந்தால் யாருடைய நடையை அளந்திருப்பார்கள் ஐயா?

4. வரலாற்றுத் துறைக்கு இதில் என்ன வேலை என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களிடம் கேட்டார். 1918-ல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலின்போது அமெரிக்காவின் 43 நகரங்கள் என்னென்ன செய்தன என்பதை மருத்துவ வரலாற்றாசிரியர் ஹோவர்ட் மார்க்கெல் குழு பழைய பதிவுகளிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் திரட்டி 2007-ல் வெளியிட்டது. பள்ளிகளையும் கூட்டங்களையும் சீக்கிரம் நிறுத்தி, அந்தத் தடையை நீண்ட நாள் நீட்டித்த நகரங்களில் சாவு குறைவு என்று அது காட்டியது. 2020-ல் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்ட ஆய்வு அது. கேட்டவருக்கு இதைத் தெரிவிக்கலாம்.

5. நாங்கள் ஆய்வுக்கூடமோ கருவிகளோ கேட்கவில்லை. பயணப்படி, உதவியாளர் ஊதியம், மாணவர் உதவித்தொகை, இவ்வளவுதான். சிக்கனம் என்றதும் கத்தி ஏன் முதலில் எங்கள் பக்கமே திரும்புகிறது? ஜப்பானில் 2015-ல் கல்வி அமைச்சகம் தேசியப் பல்கலைக்கழகங்களின் சமூக அறிவியல், கலைப்புலத் துறைகளை மூடவோ மாற்றவோ சொன்னபோது, தொழில்துறையின் விருப்பத்துக்காகவே இது என்ற பேச்சு எழ, தொழிலதிபர்கள் கூட்டமைப்பான கெய்தான்ரெனே நாங்கள் கேட்டது இதுவல்ல என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

6. எழுத்தில் பதில் இல்லை, வாய்மொழியாக மட்டும் "பரிசீலனையில் உள்ளது." இன்னும் எவ்வளவு காலம்?

எனவே, ஐயா, இரண்டாம் தவணையை உடனடியாக விடுவிக்குமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். முழுத் தொகைக்கு இப்போது வழியில்லை என்றால், இரண்டாம் சுற்று நேர்காணலுக்கும் ஒலிப்பதிவுகளை எழுதுவதற்கும் உரிய பகுதியையாவது தாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் நேர்காணல் முடிந்தாக வேண்டும். அதுவும் முடியாது என்றால், முடியாது என்பதைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டி வேறு இடத்தில் நிதி கேட்கவாவது எங்களுக்கு வழி பிறக்கும். தவணையை விடுவிக்குமாறு மறுபடியும் மன்றாடிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதன்மை ஆய்வாளரும் திட்டக் குழுவினரும்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், பயனீட்டுச் சான்றிதழ் நகல்